மூன்றுக்கு ஒன்று

வியாழன் மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை
எனக்கு விடுமுறை.
சின்யோரா நுன்சியாவின் மாத்திரைகளை
முட்டை அட்டையின் குழிகளில் பிரித்து வைத்துவிட்டுப்
படியிறங்குவேன்.

பாரி ரயில் நிலையத்துக்குப் பின்னால்
வங்காளதேசத்து ஷொஹாகின் கடை.
நான் கின்ட்ஸி என்பேன்.
அவன் தனே பாத்தா என்பான்.
இத்தாலியர்கள் அதை என்ன சொல்வார்களென்று
இருவருக்குமே தெரியாமல்
முதல் வருஷம் முழுக்க
விரலைக் காட்டியே கொத்தமல்லி வாங்கினேன்.
இப்போது அவன் என் தலை தெரிந்ததும்
ஈரச் சாக்கைத் தூக்கி
அடியிலிருக்கும் கட்டை எடுக்கிறான்.

சின்யோராவின் மகன் கோசிமோ
ஒருமுறை முகர்ந்து பார்த்துச் சொன்னான்:
மூட்டைப்பூச்சி நாற்றம்.
ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு
பூச்சியைப் பொடிப்பொடியாக நறுக்கி
பீன்ஸில் தூவினேன்.

ஞாயிறுதோறும் குதாய்சியிலிருந்து வேன் வரும்.
ஐந்து நாள் சாலை, நடுவில் ஒரு கடல்.
ஓட்டுநர் ஸாஸா
கொக்கித் தராசில் மாட்டித் தூக்குவான்.
கிலோவுக்கு இரண்டு யூரோ,
பிரிவுக்குத் தனிக் கட்டணமில்லை
என்பது அவனுடைய பழைய ஜோக்.
சிரித்துவிட்டுத்தான் பணம் தருவோம்.

என் மகள் தேயோனாவின் பெட்டியில்
எப்படியும் இருக்கும் நீல வெந்தயப் பொடி.
எங்கள் மலைச்சரிவில் கேட்பாரற்று முளைக்கிற செடி அது.
அதற்குப் போய் எங்கள் மொழியில்
'அந்நிய வாசனை' என்று பேர்.
எவன் வைத்தானோ.
நாற்பத்தெட்டு வருஷம் அந்தப் பேரைச் சொல்லியிருக்கிறேன்,
இங்கே வந்து, அடையாள அட்டை வரிசையில்
அந்நியர்கள் இந்தப் பக்கம் என்ற பலகைக்குக் கீழே நின்றபோதுதான்
சொல் காதில் விழுந்தது.

சீஸ் மட்டும் வேனில் வராது.
கோடையில் கெட்டுவிடும்.
குளிரில் எல்லைக்காரன் பிடுங்கிக்கொள்வான்.
ஆகவே எத்தேரி ஒரு கணக்குப் போட்டாள்;
ஊரில் அவள் கணக்கு டீச்சர்,
இங்கே இரண்டு கிழவர்களுக்கு டயாப்பர் மாற்றுகிறாள்.
மொட்சரெல்லா மூன்று பங்கு,
ஃபெட்டா ஒரு பங்கு.
மொட்சரெல்லாவைத் துணியில் முடிந்து
குழாயில் தொங்கவிட்டு
ராத்திரி முழுக்க வடிக்க வேண்டும்.
அவசரப்பட்டால் ரொட்டி உள்ளுக்குள் அழும்.
தயிர் விட்டுப் பிசைந்த மாவில் அதைப் பொதிந்து
மூடித் தட்டிச் சுட்டால்
ஹச்சாபூரி.
ரிக்கோட்டா போதுமே என்ற லாமராவோடு
ஒரு மாதம் நாங்கள் யாரும் பேசவில்லை.

பிப்ரவரியில் ஸாஸா என்னைத் தனியே அழைத்தான்.
ஒரு ரப்பர் பூட்ஸை நீட்டினான்.
இடது கால்.
அதற்குள்ளே இரண்டு கிலோ,
எங்கள் ஊர் சீஸ்.

எத்தேரி சொந்தக் கத்தியோடு வந்தாள்.
ஒரு வார்த்தை பேசாமல் மாவு பிசைந்தோம்.
கோவிலில்கூட அவ்வளவு அமைதியாக நான் நின்றதில்லை.
முதல் துண்டை இரண்டாய்க் கிழித்து
ஆளுக்குப் பாதி.

நல்லா இருக்கு என்றாள் எத்தேரி,
கொஞ்சம் வேகமாக.
நல்லாத்தான் இருக்கு என்றேன்.
உப்பு முன்னால் வந்தது,
புளிப்பு பின்னால் வந்தது,
ஓரத்தில் ஆட்டுக்கொட்டில் மாதிரி ஏதோ ஒன்று.
நாக்கு அதையெல்லாம் விலக்கி விலக்கி
வேறெதையோ தேடிக்கொண்டிருந்தது.

சின்யோராவுக்குப் பல் இல்லை, தயவும் இல்லை.
ஒரு வாய் மென்று தட்டை நகர்த்தினாள்:
போன வியாழன் செய்தாயே, அது.
சாப்பிடுங்கள் என்றேன் கடுமையாக.
எத்தேரி
பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்,
ஏற்கெனவே தேய்த்த பாத்திரம்.

இரவு தேயோனா கூப்பிட்டாள்.
வந்து சேர்ந்ததா அம்மா, எப்படி இருந்தது,
பாதி சம்பளம் கொடுத்து ஸாஸாவைச் சம்மதிக்க வைத்தேன்.

அப்படியே இருந்தது என்றேன்.
பொய்யில்லை.
அது அப்படியேதான் இருந்தது.

பேசி முடிக்கும் வரை
பின்னால் குழாயடியில்
துணி முடிச்சிலிருந்து
மொட்சரெல்லா சொட்டிக்கொண்டிருந்தது.
மழையா அங்கே என்று கேட்டாள்.